மறுமுனை பிடிப்பவள்

பிப்ரவரி 4

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கே நீயும் குட்டிம்மாவும் புதிதாக வந்திருக்கும் சின்னவளும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்களா?

தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் பேச ஆரம்பித்ததும் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். தொட்டிலில் கிடப்பவள் உட்பட எல்லோரும் கேட்கிறார்கள். நான் "ம்", "சரி", "வைக்கட்டுமா" என்று முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலைக்காலம் முழுதும் லிஃப்டுகளைச் சோதித்து அறிக்கை எழுதியவன் நான். எழுதினால்தான் எனக்கு முழு வாக்கியம் வரும்.

வீடு ஒழுங்காக இருக்கிறது. அடுப்பை அணைத்தேனா என்று படியிறங்கிய பிறகு ஒரு முறைதான் திரும்பி வந்து பார்க்கிறேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அவற்றில் ஒன்று செத்துவிட்டது. எது என்று கேட்காதே.

நேற்று பேசும்போது, குட்டிம்மாவுக்கு யாரோ ஒரு பெண்மணி வந்து உடம்பு முழுக்கத் துணி சுற்றிக் கட்டியதாகச் சொன்னாய். சரியாகக் காதில் விழவில்லை. அடிபட்டுவிட்டதா? விவரமாக எழுது.

குழந்தைக்குத் தலை நின்றதும் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். அவசரம் ஒன்றும் இல்லை. தலை எப்போது நிற்கும் என்பதைப் பொதுவாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
நான்

பிப்ரவரி 12

என்னங்க,

சௌக்கியமா? கண்ணுக்கு மருந்து விடுறீங்களா? செத்தது ரோஜாதானே? நினைச்சேன்.

அடியெல்லாம் ஒண்ணும் படலை. பிள்ளை பெத்தவளுக்கு உடம்பு அக்குஅக்கா கழண்டு கிடக்கிற மாதிரி இருக்கும். அதுக்கு இந்தப் பக்கம் ஒரு வழக்கம் வச்சிருக்காங்க. தரையில பாயை விரிச்சு, அதுமேல ஏழு நீளத் துணியைக் குறுக்கால போடுறாங்க. தலைக்கு ஒண்ணு, தோளுக்கு ஒண்ணு, அப்புறம் நெஞ்சு, வயிறு, இடுப்பு, தொடை, பாதம். பெத்தவ அதுமேல மல்லாந்து படுத்துக்கணும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்து, துணி முனையை மாத்தி வாங்கி, ஒரே நேரத்துல இழுத்துக் கட்டணும். ஏழையும் கட்டி முடிச்சா ஆள் ஒரு பொட்டலமா கிடப்பா. கொஞ்சம் பொறுத்து ஒவ்வொண்ணா தளர்த்துவாங்க. 'உடம்பை மூடுறது'ன்னு இதுக்குப் பேரு. திறந்தது மூட வேணாமா?

வந்தவங்களைக் கட்டுக்காரம்மான்னுதான் எல்லாரும் கூப்பிடுறாங்க. முன்னாடி பஸ் கண்டக்டரா இருந்தவங்களாம். வயித்துத் துணியை இழுக்கும்போது, "உள்ள போ, உள்ள போ, அங்க என்ன வேடிக்கை"ன்னு வயித்தைப் பார்த்து அதட்டுறாங்க! குட்டிம்மா அழுதுகிட்டே சிரிச்சா.

கூட வர்ற அவங்க அக்காவுக்கு மணிக்கட்டு உடைஞ்சிடுச்சு. "ஏம்மா, விருந்தாளி மாதிரி நிக்கிறியே, அந்தப் பக்கம் உட்காரு"ன்னு என்னைப் பிடிச்சு உட்கார வச்சுட்டாங்க. நான் இழுத்தேங்க! "உனக்குக் கை இருக்குடி"ன்னாங்க. இந்த வயசுல என்னை வாடி போடின்னு கூப்பிட ஒரு ஆள்.

வேளைக்குச் சாப்பிடுங்க. ரொட்டியே தின்னுக்கிட்டு இருக்காதீங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி

பிப்ரவரி 17

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

நலம். குட்டிம்மாவுக்கு உடம்பு தேறி வருவது அறிந்து மகிழ்ச்சி. மருந்து விட்டுக்கொள்கிறேன். ரோஜாதான்.

அந்தக் கட்டு முறையைப் பற்றிச் சில சந்தேகங்கள் எழுந்தன. நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஒரு லிஃப்டைப் பல கயிறுகள் தாங்குகின்றன. எல்லாவற்றிலும் இழுவை ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் இறுகியிருந்தால் பாரம் அதன்மேல் விழும், அதுவே முதலில் தேயும். இங்கே ஏழு துணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. இரு பக்க இழுவையும் சமம் என்பதை அந்த அம்மையார் எதை வைத்துச் சரிபார்க்கிறார்? கண்டக்டராக இருந்தவருக்குத் தெரிந்த கயிறு, பேருந்தில் மணியடிக்கும் கயிறு ஒன்றுதான் அல்லவா?

கடைசி வாக்கியம் சற்று அதிகம். பேனாவில் எழுதிவிட்டதால் அழிக்க முடியவில்லை.

உனக்குக் கை இருக்கிறது என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அது எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். நான் சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

அவருடைய அக்காவுக்கு மணிக்கட்டு எப்போது சரியாகும்? நல்ல எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்.

அன்புடன்,
நான்

மார்ச் 2

என்னங்க,

நல்லா இருக்கீங்களா? நாங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவ ராத்திரியெல்லாம் விளையாடுறா, பகல்ல தூங்குறா. மாப்பிள்ளை ஆபீஸ்ல தூங்குறாராம்.

எதை வச்சு சரிபார்க்கிறாங்கன்னு கேட்டீங்களே, மூச்சை வச்சுதான். படுத்திருக்கிறவ மூச்சை விடும்போது நாங்க ரெண்டு பேரும் இழுக்கணும். முதல்ல எனக்குப் பிடிபடலை. இப்போ கண்ணைக்கூடப் பார்த்துக்கிறதில்லை, கை தானா ஒண்ணா போகுது. உங்க மணிக்கயிறு கேள்வியைக் கட்டுக்காரம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "உன் வீட்டுக்காரர் டிக்கெட் வாங்காம ஏறுற ஆளா இருப்பார்போல"ன்னாங்க. இல்லை, ரெண்டு தடவை வாங்குற ஆளுன்னேன்.

அவங்ககூட நாலஞ்சு வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன். பிள்ளை பெத்தவங்க மட்டும்னு இல்லைங்க. ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தங்க கட்டிக்கிட்டாங்க. வீட்டுக்காரரைப் பறிகொடுத்த ஒருத்தங்களும்தான். வாழ்க்கையில ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கிறப்ப யார் வேணும்னாலும் கட்டிக்கலாமாம்.

போன வாரம் என்னையும் படுக்கச் சொன்னாங்க. கட்டுக்காரம்மா ஒரு பக்கம், குட்டிம்மா ஒரு பக்கம். எனக்கு என்ன முடிஞ்சுது, என்ன ஆரம்பிச்சுதுன்னு படுத்தேனோ தெரியலை. ஏழாவது துணியைக் கட்டினதும் எல்லாம் நின்னு போச்சு. அப்போ உங்க ஞாபகம் வந்துச்சுன்னு எழுதலாம்னுதான் பார்த்தேன். வரலைங்க. உங்களை மட்டும் இல்லை, யாரையும் நினைக்கலை. அதுதான் நல்லா இருந்துச்சு.

கட்டுக்காரம்மா உங்களைக் கேட்டதா எழுதச் சொன்னாங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி

மார்ச் 25

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். சளி பிடித்திருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. தபால் பெட்டி வரை நடக்க முடியாத அளவுக்குத்தான்.

உன் கடிதத்தில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன்.

கட்டும் முறையில் ஒரு சீர்திருத்தம் தோன்றியது. துணியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால், மறுமுனையை ஒருவரே இழுத்துக் கட்டலாம். கம்பி அசையாது, சோர்வடையாது. நீயே குட்டிம்மாவுக்குத் தனியாகக் கட்டிவிடலாம், வெளியாள் தேவைப்படாது. படம் வரைந்து இணைத்திருக்கிறேன். இது நடைமுறையில் சாத்தியம்தானா என்று வீட்டில் இருந்த பொருள்களை வைத்து ஓரளவு சோதித்தும் பார்த்தேன். சில திருத்தங்கள் தேவை.

படுக்கை விரிப்பு ஒன்று கிழிந்துவிட்டது. பழையதுதான்.

சின்னவளுக்குத் தலை எப்படி இருக்கிறது?

அன்புடன்,
நான்

மார்ச் 31

என்னங்க,

சளி போயிடுச்சா? எதிர்வீட்டுப் பல் டாக்டர் குட்டிம்மாவுக்குப் போன் பண்ணினார். "ஒண்ணும் பதறாதீங்க, அப்பாவை ஜன்னல்லேர்ந்து இறக்கியாச்சு"ன்னு ஆரம்பிச்சாராம். பதறாம என்ன செய்யிறது? நீங்க தரையில படுக்கை விரிப்பைச் சுத்திக்கிட்டு, ஒரு முனை கம்பியில, மறுமுனை உங்க முதுகுக்கடியில மாட்டி, எழுந்திரிக்க முடியாம, "யாராவது இருக்கீங்களா"ன்னு ரொம்ப மரியாதையா கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களாம். அவர் பால்கனி வழியா ஏறி வந்து கத்தரிக்கோலால வெட்டி எடுத்தாராம். "பல்லு புடுங்குறதைவிட கஷ்டமா இருந்துச்சு"ன்னார். குட்டிம்மா சிரிச்ச சிரிப்புல சின்னவ முழிச்சுக்கிட்டா.

எனக்குச் சிரிப்பு வரலைங்க. யாரும் இல்லாத வீட்டுல ஏன் இந்த வேலை? கேட்டா சொல்ல மாட்டீங்க.

ஜன்னல் கம்பி இழுக்கும், சரி. எப்போ விடணும்னு அதுக்குத் தெரியுமா? கட்டிக்கிட்டுப் படுத்திருக்கிறவ பாதியில அழுவா. அப்போ கொஞ்சம் தளர்த்தணும். எதிர்ல ஆள் வேணுங்க.

இப்போ ஒரு விஷயம். அந்த அக்காவுக்கு மணிக்கட்டு இனிமே பழையபடி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கட்டுக்காரம்மா என்னை இங்கேயே கூட இருக்கச் சொல்றாங்க. மாடி ரூம் காலியா இருக்குன்னு மாப்பிள்ளையும் சொல்றார். சின்னவளுக்குத் தலை நின்னாச்சு. அதனால நான் வர வேண்டிய நேரம் வந்தாச்சு. வரணுமா, இருக்கணுமா? நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் கேக்கணும்னு இல்லை. ஆனா சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி

ஏப்ரல் 6

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

நலம். நீங்கள் அனைவரும் நலம் என்று நம்புகிறேன். பல் டாக்டர் சற்று மிகைப்படுத்திப் பேசுபவர்.

சின்னவளுக்குத் தலை நின்றது நல்ல செய்தி.

சமையலறைக் குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றிவிட்டேன். மின்கட்டணம் கட்டியாயிற்று. உன் அலமாரியில் பூச்சி வராமல் உருண்டை போட்டேன். தையல் பெட்டியைத் திறக்கவில்லை. உன் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றியிருக்கிறேன், அழுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும்.

நீ கேட்டிருந்த விஷயத்தைப் பொறுத்தவரை, உன் விருப்பம்.

அன்புடன்,
நான்

ஏப்ரல் 10

என்னங்க,

கடிதம் கிடைச்சுது. இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம். என் விருப்பம்னு எழுதிட்டீங்க. சரி, என் விருப்பமாவே இருக்கட்டும். கட்டுக்காரம்மாகிட்ட இருக்கேன்னு சொல்லிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

இப்படிக்கு,
நான்

மே 15

என்னங்க,

சௌக்கியமா? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, நீங்களும் எழுதலை, நானும் எழுதலை. இப்போ எழுதாம இருக்க முடியலை.

நேத்து ஒரு வீட்டுக்குக் கட்டப் போயிருந்தோம், மூணாவது மாடி. முடிச்சுட்டுக் கீழ இறங்குனா, வாட்ச்மேன் லிஃப்டுல ஏறாதீங்கன்னு ஒரு அட்டையை மாட்டிக்கிட்டு இருக்கார். என்னப்பான்னு கேட்டேன். "காலையில ஒரு பெரியவர் வந்தாரும்மா. கையில குடை. லிஃப்டு கதவைத் திறந்து திறந்து மூடினார், சுவத்துல காதை வச்சுக் கேட்டார். இதுல ஆளை ஏத்தாதே, உடனே கம்பெனியைக் கூப்பிடுன்னார். படியேறி மேல போனார். கொஞ்ச நேரத்துல திரும்ப இறங்கி வந்து, எதிர்க்கடையில டீ வாங்கி, குடிக்காமலே வச்சுட்டுப் போயிட்டார்"ன்னு சொன்னார்.

உலகத்துல அந்த மாதிரி பெரியவர் எத்தனை பேர் இருப்பாங்க?

குட்டிம்மாவைக் கேட்டேன். ரெண்டு நிமிஷம் தாங்கினா, அப்புறம் ஒத்துக்கிட்டா. காலையில வந்து சின்னவளைத் தூக்கி வச்சிருந்துட்டு, நான் எந்த வீட்டுல இருக்கேன்னு கேட்டுக்கிட்டுப் போனீங்களாம். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்களாம்.

இவ்வளவு தூரம் வந்துட்டு, படியும் ஏறிட்டு, ஏன் மணி அடிக்கலை? உங்களுக்கு என்னதாங்க வேணும்? அதை மட்டும் எழுதுங்க. குழாய் பத்தி எழுத வேணாம்.

நான்

மே 20

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை அது எவ்வளவு சரி என்று தெரியவில்லை.

உன்னை அழைத்துப் போகத்தான் வந்தேன். பேருந்தில் வரும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். சின்னவளைத் தூக்கினேன். தலை நன்றாகவே நிற்கிறது. நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள், நான்தான் வேறு பக்கம் பார்த்தேன்.

அந்த வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் உன் செருப்பும் இன்னொரு பெரிய செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. உள்ளே யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். "இப்ப இழுக்காதே. இரு. அவ அழுது முடிக்கட்டும்" என்று ஒரு குரல் அதட்டியது. அந்த அம்மையார் என்று நினைத்தேன். ஆனால் "சரிடி, சரிடி" என்று அடங்கிய குரல்தான் அவருடையது. அதட்டியது நீ.

நம் வீட்டில் நீ யாரையும் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. பிறகு எதற்கோ நீங்கள் இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தீர்கள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மணியை அழுத்தக் கையைத் தூக்கினேன். அழுத்தியிருந்தால் நீ எழுந்து வந்திருப்பாய். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருப்பாய். இத்தனை வருடமாக நான் விரும்பிக் கேட்ட கேள்வி அது. அன்று, அதட்டிக்கொண்டிருந்த அந்தக் குரல் எனக்காக அடங்கி அதைக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. இறங்கிவிட்டேன். இதை நல்ல மனது என்று நீ நினைத்துவிடக் கூடாது. பேருந்தில் வழி முழுக்க அந்த அம்மையாரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். எனக்குப் பொறாமை. அந்த அம்மையார் மீது, உன்னை 'டி' போடும் அவர் வாயின் மீது, பாயில் படுத்திருந்த முகம் தெரியாத பெண் மீதுகூட. ஏழாவது துணியைக் கட்டியதும் யாரையும் நினைக்கவில்லை என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நான் தரையில் படுத்து அந்த விரிப்பைச் சுற்றிக்கொண்டேன். எனக்கும் அப்படி ஆகிறதா என்று பார்க்க நினைத்தேன். ஆகவில்லை. நீ மட்டும்தான் நினைவில் இருந்தாய். பிறகு பல் டாக்டர் வந்துவிட்டார்.

'உன் விருப்பம்' என்று எழுதியது பெருந்தன்மையால் அல்ல. நீயாகவே வருகிறேன் என்று சொல்வாய் என எதிர்பார்த்து எழுதியது.

வந்துவிடு.

அன்புடன்,
நான்

மே 26

என்னங்க,

நான் நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

உங்க கடிதத்தை யார்கிட்டயும் காட்டலை. குட்டிம்மா கேட்டதுக்கு, மின்கட்டணம் கட்டியாச்சாம்னு சொல்லிட்டேன்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்குன்னு எழுதினா நீங்க தப்பா நினைப்பீங்க. நினைச்சுக்கோங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் விஷயத்துல நீங்க பொறாமைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. உங்களோட வேலை பார்த்தாரே, வயலின் வாசிக்கிறவர், அவர் நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டு, "இந்தக் கைக்கு வளையல் போடணும்"னு சொன்னாரே, அப்பக்கூட நீங்க தட்டைப் பார்த்துக் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டேதான் இருந்தீங்க. அன்னிக்கு ராத்திரி நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா?

பட்டதெல்லாம் நான்தான். அதுவும் எவ மேலயும் இல்லை, லிஃப்டு மேல! எந்த ஊருக்குப் போனாலும் பெட்டியை என் கையில குடுத்துட்டு, நேரா போய் சுவத்துல காதை வச்சுடுவீங்க. அந்த முகத்தைப் பார்த்திருக்கேன். என் நெஞ்சுல என்னிக்காவது அப்படிக் காது வச்சிருக்கீங்களா?

வரேன். ஆனா உடனே இல்லை. வரேன்னு சொல்லி வச்ச வீடுங்க இருக்கு, பிள்ளையைச் சுமந்துக்கிட்டு ரெண்டு பொண்ணுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த மாசம் கடைசியில கிளம்பிடுவேன். அதுவரைக்கும் நீங்க பொறாமைப்பட்டுக்கிட்டே இருங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் வேணும்.

இன்னொண்ணு. வந்தப்புறம் நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார மாட்டேன். நம்ம ஊர்ல மட்டும் பிள்ளை பெறாமலா இருக்காங்க? எதிர்ப்பக்கம் உட்கார ஒரு ஆளைத் தேடிப் பிடிப்பேன். உங்களை இல்லை, ஒரு பொம்பளையை. அவ மேலயும் பொறாமைப்படுறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க.

கட்டுக்காரம்மாகிட்ட ஊருக்குப் போறேன்னு சொன்னேன். "போடி, ஓலை வந்துச்சு, ஓடு"ன்னாங்க. ரெண்டு நாளா பேச்சில்லை. துணியை வேணும்னே எனக்கு முன்னாடி இழுக்கிறாங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி

மே 30

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

நலம். இந்த முறை உண்மையாகவே.

வயலின் வாசிப்பவர் விஷயத்தில் நீ ஒன்றைக் கவனிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவரை நாம் சாப்பிடக் கூப்பிடவே இல்லை. அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் உனக்குத் தலைவலி என்று சொன்னேன். அன்று நான் குனிந்து சாப்பிட்டதும் பசியால் அல்ல. நிமிர்ந்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்று எனக்கே தெரியாமல் இருந்தது. நீ அழுதது எனக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கம் உட்காரப் போகும் பெண் மீது பொறாமைப்படுவேன். இப்போதே சொல்லிவிடுகிறேன். தேடிக்கொள்.

கட்டுக்காரம்மா உன்னோடு பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். வருத்தமாக இருந்தது என்று நான் எழுதினால் அது பொய்.

காது வைப்பதைப் பற்றி ஒன்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத மூன்று தாள்களை வீணாக்கினேன். அது எழுதித் தீர்கிற விஷயமாகத் தெரியவில்லை. நீ வந்து சேர்.

அன்புடன்,
நான்